என்எஃப்எல்: ஓடுவது லாபமா, எறிவது லாபமா? எக்செல்லில் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஒளிபரப்பில் அடிக்கடி காதில் விழும் ஒரு கருத்து இது: முதலில் ஓடி ஓடி எதிரணியைத் தளர வைக்க வேண்டும், பாஸ் அப்புறம் தானாகக் கைகூடும். ஆதாரமாக, ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 100 யார்டு தாண்டிய ஆட்டங்களில் அவருடைய அணி எத்தனை முறை ஜெயித்தது என்று திரையில் ஒரு பட்டியலும் போடுவார்கள். எண்கள் சரிதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தலைகீழ். ஏன் என்பதை நான்காவது படியில் நீங்களே ஒரு முழு சீசனின் தரவை வைத்துப் பார்ப்பீர்கள். புரோகிராமிங் தெரிய வேண்டாம். டவுன், யார்டு போன்ற ஆட்ட விதிகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அளவுகோல்

யார்டை வைத்து அளந்தால் எதுவும் தெரியாது. மூன்றாவது டவுனில் 3 யார்டு தேவைப்படும்போது 4 யார்டு ஓடினால் புதிதாக நான்கு டவுன்கள் கிடைக்கும். 8 யார்டு தேவைப்படும்போது அதே 4 யார்டு ஓடினால் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்க வேண்டியதுதான். பதிவேட்டில் இரண்டுமே 4 யார்டு.

அதனால் இபிஏ என்ற அளவைப் பயன்படுத்துகிறோம். பந்து எங்கே இருக்கிறது, எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு தேவை என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு எதிர்பார்ப்புப் புள்ளி, அதாவது அங்கிருந்து சராசரியாக எடுக்கக்கூடிய புள்ளி, உண்டு. ஒரு பிளேக்கு (ஒரு முயற்சிக்கு)ப் பிந்தைய எதிர்பார்ப்பிலிருந்து முந்தைய எதிர்பார்ப்பைக் கழித்தால் வருவது இபிஏ. முதல் டவுனில் 10 யார்டு தேவைப்படும்போது 4 யார்டு ஓடினால், அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம். களத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளி மதிப்புப் போடும் யோசனை புதிதல்ல. 1971இலேயே விர்ஜில் கார்ட்டர் என்பவர் ராபர்ட் மகோலுடன் சேர்ந்து இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கார்ட்டர் அப்போது சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர்! களத்தில் முடிவெடுக்கும் ஆளே உட்கார்ந்து கணக்கும் போட்டிருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இன்று நாம் அந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. செபாஸ்டியன் கார்ல், பென் பால்ட்வின் இருவரும் உருவாக்கிய என்எஃப்எல்ஃபாஸ்ட்ஆர் என்ற நிரல் தொகுப்பு 1999 முதல் ஒவ்வொரு பிளேக்கும் இபிஏ போட்டு வைத்திருக்கிறது. இலவசம்.

படி 1: கோப்பை இறக்குங்கள்

கிட்ஹப் தளத்தில், இந்தத் தரவை வெளியிடும் என்எஃப்எல்வெர்ஸ் பக்கத்துக்குப் போய், தரவு வெளியீடுகளில் "பிபிபி" என்று குறித்த பகுதியைத் திறந்தால் சீசன் வாரியாகக் கோப்புகள் இருக்கும். 2024க்கான சிஎஸ்வி கோப்பை எடுங்கள்.

படி 2: தேவையில்லாததை வெட்டுங்கள்

சுமார் 49,000 வரிகள், 370க்கும் மேற்பட்ட நெடுவரிசைகள். கூகுள் ஷீட்ஸில் திறக்க முயல வேண்டாம். அதன் வரம்பு ஒரு கோடி செல்கள், இந்தக் கோப்பில் 1.8 கோடிக்கு மேல் வரும். எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் போதும்.

டவுன், ஒய்டிஎஸ்டுகோ (தேவையான யார்டு), யார்ட்லைன்_100 (எதிரணியின் கோல் கோட்டுக்கு உள்ள தூரம்), டபிள்யூபி (வெற்றி வாய்ப்பு), அரைப்பகுதியில் மீதமுள்ள விநாடிகள், பிளே_டைப், பாஸ், ரஷ், கியூபி_நீல் (நேரத்தைக் கரைக்க குவாட்டர்பேக் மண்டியிடுவது), கியூபி_ஸ்பைக் (கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிப்பது), கியூபி_ஸ்கிராம்பிள் (எறிய நினைத்தவர் ஓடுவது), இபிஏ, சக்சஸ் (இபிஏ பூஜ்ஜியத்துக்கு மேல் என்றால் 1), டெஸ்க் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். டெஸ்க் என்பது ஒவ்வொரு பிளேயின் விவரணை. அதை அழிக்கவே அழிக்காதீர்கள். ஒரு எண் விசித்திரமாகப் பட்டால் விவரணையைப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எனக்கு ஆர் என்ற புரோகிராமிங் மொழியும் பழக்கம்தான். இருந்தாலும் புதியவர்களுக்கு ஷீட்டைத்தான் சொல்வேன். வரிகளைக் கண்ணால் பார்த்தால்தான் தரவு மனதில் பதியும்.

படி 3: எது ஓட்டம், எது பாஸ்?

நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். நீங்களும் இங்கே நிதானமாக நில்லுங்கள்.

பிளே_டைப் நெடுவரிசையில் "ரன்", "பாஸ்" என்று தெளிவாகவே இருக்கும். அதையே எடுத்துச் சராசரி போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். போடாதீர்கள். அதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, ஸ்கிராம்பிள். லமார் ஜாக்சன், ஜாஷ் ஆலன் போன்ற ஒரு குவாட்டர்பேக் எறிவதற்காகப் பின்வாங்கி, ஆள் கிடைக்காமல், இடைவெளியைப் பார்த்து 12 யார்டு ஓடுகிறார். பயிற்சியாளர் சொன்னது பாஸ். தற்காப்பு அணி எதிர்கொண்டதும் பாஸ். ஆனால் பிளே_டைப் அதை ஓட்டத்தின் கணக்கில் சேர்க்கிறது. ஸ்கிராம்பிள்கள் பொதுவாக நல்ல லாபம் தருபவை. பாஸுக்குச் சேர வேண்டிய லாபம் ஓட்டத்துக்குப் போய்விடும். சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) மட்டும் பாஸ் பக்கமே நிற்கும். ஆக, பாஸ் முடிவின் நஷ்டத்தையெல்லாம் பாஸிலும் லாபத்தில் ஒரு பங்கை ஓட்டத்திலும் எழுதியதாக ஆகிறது. (கல்லூரி ஆட்டத்தில் இதைவிட மோசம். சாக்கில் இழந்த யார்டைக்கூட அங்கே ஓட்டக் கணக்கில்தான் கழிப்பார்கள். இரண்டு மட்டங்களின் எண்களையும் ஒப்பிடும்போது கவனம் தேவை.)

இரண்டாவது, பெனால்டி. தற்காப்பு வீரர் பாஸைப் பிடிக்கவிடாமல் தடுத்தால், என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும். ஒரே அடியில் 30, 40 யார்டு கிடைக்கலாம். பிளே_டைப்பில் இது "நோ_பிளே" என்று தனியாக ஒதுங்கிவிடும். எறியத் துணிந்ததால் கிடைத்த பலன் கணக்கிலேயே வராது.

தீர்வு எளிது. பாஸ், ரஷ் என்று 0, 1 மதிப்பில் இரண்டு நெடுவரிசைகள் உண்டு. பாஸில் 1 இருந்தால் ஸ்கிராம்பிள், சாக் எல்லாம் அடங்கிய எறியும் முடிவு. ரஷ்ஷில் 1 இருந்தால் திட்டமிட்ட ஓட்டம். பெனால்டியில் முடிந்தவையும் இவற்றில் வரும். கியூபி_ஸ்கிராம்பிளில் 1 உள்ள சில வரிகளை எடுத்து, விவரணையையும் பிளே_டைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடனே விளங்கும்.

படி 4: நிலைமையைச் சமப்படுத்துங்கள்

இப்போது அந்த 100 யார்டு விஷயம். நான்காவது கால்பகுதியில் 17 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி என்ன செய்யும்? கடிகாரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஓட்ட எண்ணிக்கை ஏறும், யார்டும் ஏறும். ஜெயித்துக்கொண்டிருப்பதால் ஓடினார்கள். ஓடியதால் ஜெயித்தார்கள் என்று அதைப் படிக்கிறோம். பின்தங்கிய அணியோ கட்டாயத்தில் எறிகிறது, எதிரணிக்கும் அது தெரிந்திருக்கிறது. அந்தச் சூழலின் பாஸ் எண்களும் நியாயமானவை அல்ல.

புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் இஃப், ஆண்ட் இரண்டையும் வைத்து இந்த நிபந்தனைகளை எழுதுங்கள்: வெற்றி வாய்ப்பு 0.2க்கும் 0.8க்கும் இடையில், அரைப்பகுதியில் 120 விநாடிக்கு மேல் மீதம், கியூபி_நீலும் கியூபி_ஸ்பைக்கும் 0, பாஸ் அல்லது ரஷ் 1, டவுன் காலியாக இல்லை. எல்லாம் பொருந்தினால் 1, இல்லையென்றால் 0. வெற்றி வாய்ப்பு 0 முதல் 1 வரை என்பதால் 20, 80 என்று எழுதினால் ஒரு வரியும் தேறாது.

சிலர் 0.1, 0.9 என்று வைப்பார்கள். எனக்கு இறுக்கமான எல்லைதான் பிடிக்கும். ஒரு சீசனுக்கு இதிலேயே போதுமான வரிகள் கிடைக்கின்றன.

படி 5: பிவட் டேபிள்

வரிகளில் டவுன், நெடுவரிசைகளில் பாஸ் (0 என்றால் ஓட்டம், 1 என்றால் பாஸ்), மதிப்பில் இபிஏயின் சராசரி. கூடவே எண்ணிக்கையும் சக்சஸின் சராசரியும். எண்ணிக்கை இல்லாமல் சராசரியை நம்பாதீர்கள்.

முதல் இரண்டு டவுன்களைப் பாருங்கள். ஓட்டத்தின் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே, பாஸ் அதற்கு மேலே. ஏதோ ஒரு சீசனின் விபத்தல்ல இது. பழைய கோப்புகளைப் போட்டாலும் லீக் முழுமைக்குமான சராசரி இதே பக்கம்தான் சாயும். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பழைய பேச்சு உண்டு: பாஸ் எறிந்தால் மூன்று விஷயங்கள் நடக்கலாம், அதில் இரண்டு கெட்டவை. 1970களில் அதற்கு அர்த்தம் இருந்தது. எறிந்ததில் பாதியைச் சற்றே தாண்டித்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தன, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எதிரணி பிடித்தது. 1978இல் விதிகள் மாறின: ஐந்து யார்டுக்கு அப்பால், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தள்ளக் கூடாது, குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கைகளை நீட்டித் தடுக்கலாம். இன்று நூற்றுக்குச் சுமார் 65 சேர்கின்றன, எதிரணி பிடிப்பது இரண்டு சொச்சம்தான். பேச்சு மட்டும் பழையபடியே இருக்கிறது.

படி 6: ஓட்டம் ஜெயிக்கும் இடம்

மூன்றாவது, நான்காவது டவுனில் 1 யார்டு மட்டும் தேவைப்படும் பிளேகளைத் தனியாகப் பாருங்கள். படம் திரும்பிவிடும். இங்கே ஓட்டம்தான் ராஜா. பிலடெல்பியா ஈகிள்ஸ் குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளும் அந்த ஆட்டத்தைத் தடைசெய்ய 2025 மே மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. 24 ஓட்டு தேவை, 22தான் விழுந்தது. இத்தனை அணிகள் தடை கேட்டதிலிருந்தே அதன் மதிப்பு தெரிகிறது.

கோல் கோட்டை ஒட்டியும் அப்படித்தான். பின்னால் இடமே இல்லாததால் தற்காப்பு அணிக்குப் பாஸைக் காப்பது சுலபம். இங்கே உடனே என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் 49 நினைவுக்கு வரும்: 2015 பிப்ரவரி, 26 விநாடி மீதம், 1 யார்டு, ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச் பக்கத்தில் நிற்க, சியாட்டில் எறிந்தது, எதிரணியின் மால்கம் பட்லர் பிடித்தார். அந்த முடிவை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். சியாட்டிலிடம் ஒரே ஒரு டைம் அவுட் இருந்தது. மூன்று முயற்சிகளும் வேண்டுமென்றால், பிடிபடாவிட்டால் கடிகாரத்தை நிறுத்தும் ஒரு பாஸ் இடையில் தேவை. நம் அட்டவணை கடைசி இரண்டு நிமிடங்களை விலக்கிவிட்டதால், அதைக் காட்டி இந்த வாதத்தைத் தீர்க்க முடியாது.

சராசரி சொல்லாதது

எப்போதும் எறியுங்கள் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. எதிரணி பாஸுக்குப் பயந்து இரண்டு சேஃப்டிகளை, அதாவது கடைசி வரிசைத் தற்காப்பு வீரர்களை, பின்னால் நிறுத்தினால் முன்னால் ஆள் குறையும். அப்போது ஓட்டத்தின் விலை ஏறும். ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியைப் பாருங்கள். 2023இல் ஜயண்ட்ஸுக்காக ஓட்டத்துக்குச் சராசரி 3.9 யார்டு. 2024இல் ஈகிள்ஸில் 5.8, மொத்தம் 2,005 யார்டு, கூடவே சூப்பர் பவுல். ஆள் அதே ஆள்தான். முன்னால் நின்ற லைனும், தானும் ஓடக்கூடிய குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும்தான் புதிது. ஓட்டத்தின் லாபத்தை ரன்னிங் பேக்கின் பெயரில் மட்டும் எழுதக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பின்சேர்க்கை 1: நிறைய ஓடினால்தானே, ஓடுவதுபோல் பாவனை காட்டி எறியும் பிளே ஆக்‌ஷன் எடுபடும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பென் பால்ட்வின் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு அணி எவ்வளவு அடிக்கடி ஓடுகிறது என்பதற்கும் பிளே ஆக்‌ஷனின் பலனுக்கும் அவர் தொடர்பு எதையும் காணவில்லை. இந்தக் கோப்பில் பிளே ஆக்‌ஷனுக்கு நெடுவரிசை கிடையாது, அதனால் இங்கே சோதிக்க வழியில்லை.

பின்சேர்க்கை 2: ஃபில்டர் போட்ட பிறகும் பிவட்டில் எண்கள் மாறவில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஷீட்டில் போடும் ஃபில்டரைப் பிவட் டேபிள் கண்டுகொள்ளாது. மறைத்த வரிகளையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். அதனால்தான் நான்காவது படியில் தனி நெடுவரிசை போடச் சொன்னேன். அதைப் பிவட்டின் ஃபில்டர் பெட்டியில் இழுத்துப்போட்டு, 1ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். பிவட் இல்லாமல் செய்பவர்கள் ஏவரேஜுக்குப் பதில் சப்டோட்டல் பயன்படுத்துங்கள். ஏவரேஜும் மறைந்த வரிகளைச் சேர்த்துக்கொள்ளும்.