வேர்வையை நம்பாமல் கலோரி கணக்கிட

காலையில் மெரினாவில் நடந்து பனியன் நனைந்துவிட்டால் ஏகப்பட்ட கலோரி எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சென்னைப் புழுக்கத்தில் பஸ்ஸுக்குச் சும்மா நின்றாலே வேர்க்கும். நடந்த கையோடு எடை மெஷினில் குறைந்து காட்டுவது பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் முதலில் தண்ணீர் குடியுங்கள்.

உண்மையான செலவைக் காட்டுவது ஆக்சிஜன். ஒரு லிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்தினால் சுமார் 5 கிலோகலோரி (பேச்சில் நாம் 'கலோரி' என்பது இதைத்தான்) செலவு. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி அளப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், 'மெட்' என்ற அளவு போதும். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கிலோகலோரி. ஓரளவு வேகமான நடை ஏறக்குறைய 3.5 மெட்.

மெட்டை எடையாலும் நேரத்தாலும் பெருக்குங்கள். 70 கிலோ உள்ளவர் முக்கால் மணி நேரம் நடந்தால் 3.5 × 70 × 0.75, சுமார் 184. இதில் 52 வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகப் போனது 130 சொச்சம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 இருக்கிறது! (பஜ்ஜிக் கடைப் பக்கம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்காதீர்கள்.)

அப்புறம், ஸ்மார்ட் வாட்ச் வைத்திருப்பவர்கள் 'ஆக்டிவ் கலோரி' எண்ணைப் பாருங்கள். 'டோட்டல்' என்பதில் அந்த 52-உம் சேர்ந்திருக்கும். நேரம் குறைவென்றால் சாலையை விட்டு மணலில் நடக்கலாம், செலவு கணிசமாகக் கூடும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.