உப்பளத்தில் பழக வேண்டிய கணக்கு: வேதிப் பொறியியல் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியதாலேயே ஒரு பிள்ளைக்கு வேதிப் பொறியியல் பொருந்தும் என்று முடிவு செய்வதில்தான் முதல் தவறு நிகழ்கிறது. ஒரு பொருள் இன்னொன்றாக ஏன் மாறுகிறது என்பதை வேதியியல் ஆராயும். அந்த மாற்றத்தை டன் கணக்கில், ஆபத்தின்றி, கட்டுபடியாகும் செலவில் நடத்துவது எப்படி என்பதே நான்காண்டுப் பொறியியல் படிப்பின் கேள்வி. கணிதமும் இயற்பியலும் பிடிக்காதவர் இரண்டாம் ஆண்டிலேயே திணறுவார்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. பொருள் சமநிலை, ஆற்றல் சமநிலைக் கணக்குகளை ஒரு தேர்வுத் தாளாக எண்ணி, எழுதி முடித்ததும் மறந்துவிடுகிறார்கள். எந்தத் தொழிலைக் கண்டாலும் உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு, எஞ்சியது எங்கே என்று கேட்கும் பழக்கத்தை ஊட்டுவதே இப்படிப்பின் முதன்மை இலக்கு என்பேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள வாலிநோக்கம் உப்பளத்தின் வரப்பில் நின்றே இதைப் பழகலாம். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்புகள் என்று கொண்டால் 1,000 கிலோ நீரில் இருப்பது 35 கிலோ. கரைசல் 25 விழுக்காட்டை நெருங்கும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும் என்பதால், அதற்குள் 860 கிலோ நீர் ஆவியாகியிருக்க வேண்டும். வெயில் செய்யும் இவ்வேலையை மின்சாரத்தால் செய்யப் புகுந்தால், கிலோவுக்கு 2,400 கிலோஜூல் வீதம், 570 யூனிட்டுக்கு மேல் செலவாகும். உப்பளத்துக்கு ஏன் அத்தனை பரப்பு நிலம் வேண்டும் என்பதும், அதே மாவட்டத்து நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க ஏன் கொதிகலனை விட்டு, உப்பைத் தடுத்து நீரை மட்டும் கடத்தும் சவ்வை நாடினார்கள் என்பதும் இந்த ஒரே கணக்கில் விளங்கும். ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிடுவதும், கரைசலின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசப்பதும் பிரித்தெடுத்தல் பாடமேதான். டிகிரி பார்த்து நீரைப் பாத்தி மாற்றுகிற தொழிலாளியிடம் அதை ஒரு பகலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

குடுவையில் நடந்தது ஆலையிலும் அப்படியே நடக்கும் என்று நம்புவதும் தவறு. கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்து, ஆறினால் கூழாக உறையும் அகர் என்ற பொருளை எடுக்கும் கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு 1,000 மடங்காகும். வெப்பம் நுழையும் மேற்பரப்போ 100 மடங்குதான். சுமார் 35 பாகை செல்சியசுக்கு ஆறினால் அகர் உறையத் தொடங்கும் என்பதை மறந்தவருக்குக் குழாயே அடைத்துக்கொள்ளும்.

மென்பொருளில் பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைக்கணக்கில் உத்தேச விடை தெரியாதவருக்குத் திரையில் தோன்றும் பிழை தெரியாது.

பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் கடைசிப் பருவத்தின் எளிய தாள்களாக ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயுவுக்குப் பிறகு அவ்வாறு ஒதுக்க எவருக்கும் நியாயமில்லை. நம் கரைக்கே வருவோம்: சவ்வு ஆலை 100 லிட்டர் கடல்நீரில் 40 லிட்டரைக் குடிநீராக எடுத்தால், மீதி 60 லிட்டரில் உப்பு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து ஏறத்தாழ 58 கிராமாக உயரும். பவளப்பாறையும் கடற்புல்லும் உள்ள மன்னார் வளைகுடாவில் அந்த நீரை எங்கே, எவ்வளவு நீர்த்து, எவ்வளவு ஆழத்தில் விடுவது என்பதை இறுதியாண்டுத் திட்டப்பணியின் முதல் பக்கத்திலேயே மாணவர் எழுதத் தொடங்க வேண்டும்; ஆலையின் வரைபடம் அதற்குப் பிறகு வரட்டும்.