வன்னிக் காட்டைக் கணினியில் கணிப்பவர்கள் விடும் தவறுகள்

காலநிலை மாறினால் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் காடு என்னவாகும் என்று கணினி மாதிரி செய்ய வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காடு எண்டு எதைக் குறிச்சிருக்கிறீங்கள்?" செய்மதிப் படத்தில் பச்சையாய்த் தெரிவது எல்லாம் என்பார்கள். பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கிற பழங்காடு, வரிசையாக நட்ட தேக்கு, ஆளில்லாத வளவில் ஏறிய பற்றை எல்லாம் மாரியில் ஒரே பச்சைதான். கோடைப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். தேக்கு இலையுதிர்த்து நிற்கும், பாலை பசுமையாகவே நிற்கும்.

இதைவிடப் பெரிய தவறை நானே விட்டிருக்கிறேன். 2010க்குப் பின் ஒட்டுசுட்டான் பக்கம் பசுமை குறைகிறது என்று கோடு கீறி, வெப்பம் கூடியதோடு பொருத்திக் காட்டினேன். படத்தைப் பார்த்த ஐயா ஒருவர் சிரித்தார். "தம்பி, அது எங்கட வளவு. திரும்பி வந்து நாங்கள்தான் பற்றை வெட்டினது." 2008, 2009இல் போரால் ஊர்கள் முழுதாக இடம்பெயர்ந்த மண் இது. ஆள் போனால் பச்சை ஏறும், ஆள் வந்தால் இறங்கும். ஊர் ஊராக இடம்பெயர்ந்த ஆண்டையும் மீளக்குடியேறிய ஆண்டையும் கேட்டுக் குறித்த பிறகே போக்குக் கோடு கீறலாம்.

மருதமரமும் இப்படித்தான் ஏமாற்றும். அது பாலியாற்றங்கரையிலும் குளக்கட்டுகளுக்குக் கீழேயும் கசிவு நீரில் நிற்பது. மழையையும் வெப்பத்தையும் மட்டும் கொடுத்தால், மருது வறட்சி தாங்கும் மரம் என்று மாதிரி படித்துக்கொள்ளும். காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் பழைய குளங்கள் வேறு இருக்கின்றன. ஆறு, குளத்திலிருந்து உள்ள தூரத்தையும் மண்வகையையும் சேர்க்காமல் மாதிரியை ஓட்டவேண்டாம்.

மரம் கண்ட இடங்களின் பதிவுகள் ஏ9 வீதியோரமாகக் குவிந்திருக்கும். உட்காட்டில் பதிவில்லை என்றால் மரம் இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணிவெடிக்குப் பயந்து யாரும் போகவில்லை என்பதாகவும் இருக்கலாம். அருகருகே கிடக்கும் புள்ளிகளைக் குலுக்கிப் பாதியில் மாதிரியைப் பயிற்றி, மீதியில் சோதித்தால், பக்கத்துப் புள்ளியைப் பார்த்தே விடை சொல்லி மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். ஒரு பகுதியை முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள், எண் இறங்கும், வெட்கப்படத் தேவையில்லை.

மழைவீழ்ச்சியில் ஆண்டுச் சராசரியை நம்பவேண்டாம். இங்கே பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டிவிடுகிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் மரம் வாடுகிறது. ஆகவே வறண்ட மாதங்களின் நீளமே மாதிரிக்குக் கொடுக்கும் மாறியாக இருக்கவேண்டும். உலகம் முழுதுக்குமான வேர்ல்ட்கிளிம் காலநிலைத் தரவு 1 கிலோமீற்றர் கட்டமாக அழகாய் வரும், ஆனால் நிலையங்களுக்கு இடையில் இருப்பது கணித்து நிரப்பிய எண். அதன் 1970–2000 சராசரியில் நம் போர்க்காலமும் கிடக்கிறது, மழைப்பதிவே அறுந்திருந்த காலம். எதிர்காலத்துக்கு ஒரேயொரு உலகக் காலநிலை மாதிரியை எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. வடகீழ்ப் பருவமழை கூடுமா குறையுமா என்பதில் அந்த மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படும். சராசரி எடுத்தால் "மாற்றமில்லை" என்று வந்து அந்த முரணே மறைந்துபோகும். தனித்தனியே காட்டுங்கள்.

கடைசியாக, நிற்கிற பாலையை வைத்து இந்தக் காலநிலை அதற்கு உகந்தது என்று எழுதாதீர்கள். அது தாத்தாக்கள் காலத்து மழையில் முளைத்தது. அடியில் பாலைமரக் கன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் மாடு மேய்கிறதா என்றும் பாருங்கள். பார்க்காவிட்டால் மாடு தின்றதையும் காலநிலைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.