கடல்போரில் திருப்பம் எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எத்தனை கப்பல் மூழ்கியது என்று எண்ணத் தொடங்காதீர்கள். பினாங்கில் 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். அந்த எண்ணிக்கையை நம்பித் தவறான முடிவுக்கு வந்த நல்ல மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். கப்பல்களை வரைய ஆசை வரும். அதற்கு முன் சரக்குப் போன வழியை வரையுங்கள். அரிசி எங்கிருந்து வந்தது, ஈயமும் ரப்பரும் எங்கே போயின, படைவீரர்கள் எந்தத் துறையில் இறங்கினார்கள்? போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. ரங்கூனிலிருந்து பினாங்குக்கு ஒரு கோடு போடுங்கள். சண்டைக்குப் பிறகு அந்தக் கோட்டில் யார் பயமில்லாமல் போக முடிந்தது என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு, முதல் உலகப் போரில் வட கடலில் நடந்த ஜட்லாண்ட் சண்டை போதும். 1916 மே 31 அன்று தொடங்கிய அந்தச் சண்டையில் பிரிட்டன் 14 கப்பல்களை இழந்தது, ஜெர்மனி 11. பிரிட்டிஷ் தரப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மன் தரப்பில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஜெர்மனியைச் சுற்றிய கடல் முற்றுகை மறுநாளும் அப்படியே இருந்தது. வழி மாறவில்லை. முற்றுகையை உடைக்க முடியாத ஜெர்மனி 1917 பிப்ரவரியில் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரில் இறங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா எதிரணியில் சேர்ந்தது.

அடுத்து, தாளில் இரண்டு பத்திகள் பிரியுங்கள். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நிலம். தேதிகளை எதிரெதிரே எழுதுங்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 8: கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்குகிறார்கள். டிசம்பர் 10: குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் விமானத் தாக்குதலில் மூழ்குகின்றன, 840 பேர் இறக்கிறார்கள். டிசம்பர் 11: ஜார்ஜ்டவுனில் குண்டு விழுகிறது.

இங்கேதான் நிதானம் வேண்டும். 10, 11 என்று அடுத்தடுத்து எழுதியவுடன் பிள்ளைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கப்பல்கள் மிதந்துகொண்டிருந்தாலும் நம் ஊரின் மேல் வந்த விமானங்களை அவை தடுத்திருக்க முடியாது. ஜப்பானியப் படை கரையேறியதும் இரண்டு நாள் முன்பே. அப்படியானால் அந்தத் தோல்வி எதை மாற்றியது? ஜப்பானியரின் படைக்கப்பல்களை வழிமறிக்கக்கூடிய வலுவான கப்பல் பிரிட்டனிடம் இந்தக் கடலில் இல்லாமல் போனது. வந்திறங்கியவர்களுக்குப் பின்னால் ஆளும் அரிசியும் தோட்டாவும் தொடர்ந்து வந்தன. 67 நாள் கழித்துச் சிங்கப்பூர் விழுந்தது. தோல்வி எதைத் தொடங்கிவைத்தது என்று மட்டும் பார்க்காமல், எதைத் தடுக்க முடியாமல் செய்தது என்றும் பாருங்கள்.

இழந்ததை எப்போது ஈடுகட்ட முடிந்தது என்பதையும் எழுதுங்கள். 1942 ஜூனில் பசிபிக் கடலின் மிட்வே தீவருகே அமெரிக்காவுடன் நடந்த சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அமெரிக்காவின் புதிய தாங்கிக் கப்பலான எஸெக்ஸ் அதே ஆண்டின் கடைசி நாளில் சேவைக்கு வந்தது. அதே வகைக் கப்பல்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. ஜப்பானின் புதிய பெரிய தாங்கிக் கப்பலான தைஹோ வந்தது 1944 மார்ச்சில்.

பரபரப்பான சண்டையையும் திருப்பத்தையும் பிரித்தறிய, வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலின் மாலுமிகளுக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ஒரு போலிப் புகைபோக்கியை வைத்துக்கொண்டு நம் துறைமுகத்துக்குள் நுழைந்து அதை மூழ்கடித்தது. துணிச்சலான தாக்குதல்தான், ஆனால் போரின் போக்கு மாறவில்லை. பன்னிரண்டே நாளில் எம்டனும் கொக்கோஸ் தீவருகே அழிந்தது.

அதே ஜெம்சுக், 1905 ஏப்ரலில் ரஷ்யப் படையணியோடு நம் மலாக்கா நீரிணை வழியாகத்தான் ஜப்பானோடு போரிடச் சுஷிமாவுக்குப் போனது. மே மாதம் அங்கே ஏறத்தாழ ஐயாயிரம் ரஷ்யர் இறந்தார்கள். ஜப்பானியர் 117 பேர். தப்பித்து மணிலா சேர்ந்த சிலவற்றில் ஜெம்சுக் ஒன்று. ரஷ்யாவின் கையிலிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகம் முன்பே விழுந்திருந்தது, நிலத்தில் முக்டெனிலும் தோல்வி. ரஷ்யாவுக்கு மிச்சமிருந்தது அந்தக் கடற்படை. அதுவும் போனதும் பேச்சுவார்த்தைக்கு வந்தது. செப்டம்பர் 5இல் சமாதான ஒப்பந்தம். அந்த நினைவுச்சின்னத்தின் முன்னால் நின்று இரண்டு சண்டைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எழுதிக்கொண்டிருக்கும் கை தானாக நின்றுவிடும்.

கடைசியாக, நிலத்தின் பத்தியில் ஒரு வீட்டுக்கும் இடம் விடுங்கள். இதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். மிட்வே இழப்புக்குப் பிறகு, நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கு நடுவே ரங்கூனுக்குக் கப்பல் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தானது. பர்மாவில் இருந்த படைக்குச் சரக்கு நிலவழியே போக வேண்டும் என்று 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் சொல்வது அதைத்தான். தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். என் பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கை வாயில் வைக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி வராத மாதங்களில் மூன்று வேளையும் அதைத்தான் அவித்தாராம்.

என் தாளில் இடப்பக்கம் "1942 ஜூன், மிட்வே" என்று இருக்கும். அதற்கு எதிரே, வலப்பக்கம்: "1943, சுங்கை பட்டாணி. தாத்தாவை லாரியில் ஏற்றினார்கள். ரப்பர் பால்வெட்டும் கத்தியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார்."