‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை வசப்படுத்துவது எப்படி?

அகராதியில் ‘கெட்’ என்று தேடினால் ‘பெறு’ என்று போட்டிருக்கும், நாமும் அதை மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் ‘ஐ காட் டயர்ட்’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகாலம்) என்று யாராவது சொன்னால் களைப்பை எங்கே போய்ப் பெற்றார் என்று முழிப்போம். அதனால் முதல் வேலை, அந்தப் ‘பெறு’வைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

முதல் படி. அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால் கிடைத்தது, வந்தது, வாங்கினேன் என்று பொருள். இங்கேதான் நம் தமிழ் குறுக்கே நிற்கும். நாம் ‘எனக்கு வேலை கிடைத்தது’, ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்கிறோம். வேலையும் காய்ச்சலும்தான் எழுவாய், நாம் சும்மா ‘எனக்கு’ என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ‘நான்’ முன்னால் வந்துவிடும்: ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் எ ஃபீவர்’. கல்லூரி விடுதியில் வார்டனிடம் ‘ஃபீவர் கேம் டு மீ’ என்று லீவு கேட்டவன் நான், அதனால் உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன். தமிழில் ‘எனக்கு… கிடைத்தது’ என்று தோன்றும் இடத்தில் ‘ஐ காட்’ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரண்டாம் படி. அடுத்து ஒரு நிலையைக் காட்டும் சொல் வந்தால் ‘ஆகு’. ‘கெட் ஓல்ட்’ வயதாகு, ‘கெட் வெட்’ நனைந்துபோ, ‘கெட் ஆங்க்ரி’ கோபப்படு. ‘ஐ ஆம் மேரிட்’ என்றால் நான் திருமணமானவன், ‘ஐ காட் மேரிட்’ என்றால் எனக்குத் திருமணம் நடந்தது. முன்னது நிலை, பின்னது நிகழ்ச்சி. யாரோடு என்று சொல்ல ‘டு’ போடுங்கள், ‘வித்’ வேண்டாம்.

மூன்றாவது, இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் டு தி ஸ்டேஷன்’ என்பதில் ‘டு’ உண்டு, ‘கெட் ஹோம்’ என்பதில் கிடையாது.

சரி, ஒரே சொல் இத்தனை வேலை ஏன் பார்க்கிறது? இது ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சொல். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள், அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்றால் அடை, எட்டிப் பிடி. ‘டேக்’, ‘எக்’, ‘ஸ்கை’ எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவுச்சொல் ஒன்று இருந்தது, ஆனால் தனியாக நிற்காது, முன்னொட்டோடுதான் வரும். ‘ஃபர்கெட்’ அப்படிப்பட்டதுதான், பிடியில் இருந்தது நழுவிப்போவது. எனக்கு இது மிகவும் பிடித்த விளக்கம். பிடிக்குள் வருவது எதுவானாலும், பொருளோ நிலையோ இடமோ, ‘கெட்’ போதும் என்று ஆங்கிலேயர் விட்டுவிட்டார்கள் போல.

நான்காம் படிதான் கொஞ்சம் கஷ்டம். சலூனுக்குப் போய் வந்து ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோலை நீங்களே கையில் எடுத்ததாக அர்த்தம். பிறரைக் கொண்டு செய்வித்ததற்கு ‘ஐ காட் மை ஹேர் கட்’. பொருள் முதலில், வினையின் மூன்றாம் வடிவம் பிறகு. சட்டை தைக்கக் கொடுத்ததற்கும் வண்டி சர்வீஸ் விட்டதற்கும் இதே அமைப்புதான். ஆளைச் சொல்லவேண்டுமென்றால் ‘டு’ சேரும்: ‘ஐ காட் ஹிம் டு கம்’, அவனை எப்படியோ வரவைத்தேன்.

கடைசியாக, ‘கெட்’டின் மூன்றாம் வடிவம் ‘காட்’டா (got), ‘காட்டன்’னா (gotten) என்ற சண்டை. அமெரிக்கர் ‘ஹேவ் காட்டன்’ என்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஹேவ் காட்’. காட்டன் தப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இங்கிலாந்திலேயே புழங்கிய பழைய வடிவம், ‘ஃபர்காட்டன்’ என்பதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கர் இரண்டையும் வைத்துக்கொண்டு வேறுபாடு காட்டுவார்கள்: ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன்.

இன்று இரவு ஐந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள், யார்மேல் கோபம் வந்தது, யாரை வைத்து எதைச் சரிசெய்தீர்கள், இப்படி. ‘பெறு’ என்ற சொல் மனதில் வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.