நுண்துளை முறையில் கர்ப்பப்பையை அகற்றும்போது கட்டி பரவும் ஆபத்து: எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோயல்லாத ஃபைப்ராய்டு கட்டிக்காக, நுண்துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும், தழும்பு தெரியுமா, எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அவற்றுக்கு முன் கேட்க வேண்டியது வேறு: இவ்வளவு சிறிய துளைகள் வழியாக, கட்டியோடு வீங்கிய கர்ப்பப்பை எப்படி வெளியே வரப்போகிறது?

பிறப்புறுப்பு வழியாக முழுதாக எடுக்க முடிந்தால் இந்தக் கவலைக்கு அதிக இடமில்லை. முடியாதபோது மார்சலேட்டர் பயன்படுத்தப்படலாம். சுழலும் கத்தி பொருத்திய குழாயான அது, திசுவைப் பட்டை பட்டையாகச் சீவி வெளியே இழுக்கிறது. அப்போது சிதறும் துணுக்குகள் வயிற்றுக்குள் தங்கிவிடக்கூடும். கட்டி சாதாரணமானதாக இருந்தாலும், அத்துணுக்குகள் வயிற்றின் உட்சுவரிலோ குடலின் மேலோ ஒட்டி, சில ஆண்டுகள் கழித்துப் புதிய கட்டிகளாக வளர்வதுண்டு. ஃபைப்ராய்டு என்று நினைத்தது சார்கோமா வகைப் புற்றுநோயாக இருந்துவிட்டாலோ, கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்த நோயை நாமே வயிறெங்கும் தூவியதாகிவிடும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஃபைப்ராய்டுக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு இவ்வாறு மறைந்திருக்கும் சார்கோமா இருக்கலாம் என்று 2014 ஏப்ரலில் எச்சரித்தது. 2017-இல் அக்கணக்கை 225 முதல் 580 பேருக்கு ஒருவர் என்று திருத்தியது. அரிதுதான். ஆனால் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ இதை முன்கூட்டியே உறுதியாகக் காட்டிவிடாது என்பதால், ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு நின்றுவிடலாகாது.

எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன், கர்ப்பப்பை முழுதாக வருமா துண்டாக்கப்படுமா என்றும், துண்டாக்குவதாயின் அதற்கென உள்ள பைக்குள் வைத்துத்தான் செய்யப்படுமா என்றும் கேளுங்கள். பையின்றிச் செய்யலாகாது என்பதே அந்நிர்வாகத்தின் 2020 பரிந்துரை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிட்டவர்கள், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இவர்களுக்குச் சார்கோமா மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், வயிற்றைத் திறந்து முழுதாக எடுப்பதே நல்லதா என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை. சற்றே பெரிய தழும்பு பெரிய இழப்பு அன்று என்பது என் கருத்து.

அறுவை முடிந்தபின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பின் நகலையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் வாங்கி வையுங்கள். ரிப்போர்ட்டின் தொடக்கத்தில், ஆய்வகத்துக்கு வந்த திசு ‘மல்டிபிள் ஃப்ராக்மென்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது துண்டுகளாக வந்தது என்று பொருள். முடிவில் ‘லியோமயோமா’ என்றிருந்தால் அது சாதாரண ஃபைப்ராய்டு. சார்கோமா வகைப் புற்றுநோயான ‘லியோமயோசார்கோமா’ என்றோ, எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத கட்டியைக் குறிக்கும் ‘ஸ்டம்ப்’ என்றோ இருந்தால், அடுத்த மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல், ஆய்வகத்திலிருந்து திசுவின் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளான பிளாக்குகளையும் பெற்றுக்கொண்டு பெண்களுக்கான புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தவர்களும், பின்னாளில் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, துளையிட்ட இடத்தில் முடிச்சுபோல வளர்ந்தாலோ, காரணமின்றி வயிறு உப்பினாலோ, கர்ப்பப்பைதான் எடுத்தாயிற்றே என்று விட்டுவிடாமல், அந்த அறுவைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.