சிக்லிட் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைத் தொட்டியில் 5 செ.மீ. நீளத்தில் துறுதுறுவென்று நீந்தும் ஆஸ்கர் என்ற சிக்லிட் மீனின் குஞ்சு, ஒழுங்காகத் தீனி போட்டால் ஒரே வருடத்தில் 20 முதல் 25 செ.மீ. வரை வளர்ந்துவிடும். முழு வளர்ச்சியில் 30 செ.மீ. தாண்டும். பத்து வருடத்துக்கு மேலும் வாழும். இதை இரண்டடித் தொட்டியில் விடுவதற்காக வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். சிக்லிட் வளர்ப்பவர்கள் பின்னால் படும் பாட்டில் பெரும்பகுதி வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

சிக்லிட் என்பது ஒற்றை மீன் அல்ல, 1,600-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு குடும்பம். காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் 4 செ.மீ. மீனும் சிக்லிட்தான், 60 செ.மீ. எட்டும் பீக்காக் பாஸும் சிக்லிட்தான். அதனால் 'சிக்லிட்டுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. இனத்தின் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் முழு வளர்ச்சி அளவைப் பாருங்கள்.

குஞ்சின் அளவைப் பார்த்து வாங்குவது

'தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்' என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைவது உண்மை. ஆனால் அது அழுக்குத் தண்ணீராலும் இட நெருக்கடியாலும் வரும் முடக்கம். முதுகு வளையும், நோய் எதிர்ப்பு போகும், ஆயுள் சுருங்கும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 60×30×38 அளவுள்ள இரண்டடித் தொட்டி 68 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 55 லிட்டர் தேறும். இதில் ஒரு ஜோடி கிரிபென்சிஸ் அல்லது ஒரு ஜோடி ராம் வைக்கலாம், இல்லையென்றால் நத்தை ஓட்டு சிக்லிட்டின் சின்னக் கூட்டம் வைக்கலாம். தனி ஆஸ்கருக்கே குறைந்தது 120×45×50, அதாவது 270 லிட்டர் வேண்டும். அந்தத் தொட்டி கண்ணாடி, மணல், ஸ்டாண்டு சேர்த்து 350 கிலோவைத் தாண்டும் என்பதால் தரையையும் யோசிக்க வேண்டும்.

லிட்டரை மட்டும் பார்ப்பதும் தவறு. பெரும்பாலான சிக்லிட்டுகள் அடித்தளத்தில்தான் எல்லை பிடிக்கின்றன. உயரமான, குறுகலான தொட்டியில் அடிபடும் மீனுக்கு ஓட இடமே இருக்காது. ஏஞ்சல் மட்டும் விதிவிலக்கு. துடுப்பு நுனியிலிருந்து நுனி வரை 20 செ.மீ.க்கு மேல் உயரும் மீன் அது, 45 செ.மீ. உயரமாவது கொடுக்க வேண்டும்.

தண்ணீரை அளக்காமல் மீனைத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றிலும் இதுதான் மிகப் பெரிய தவறு என்பது எங்கள் கருத்து. கடைக்குப் போவதற்கு முன் வீட்டுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். புதிதாகப் பிடித்த தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவை) குறைத்துக் காட்டும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. மறுநாள் திரவ டெஸ்ட் கிட்டில் பிஎச், ஜிஎச் (தண்ணீரின் கடினத்தன்மை), கேஎச் (பிஎச் மாறாமல் தாங்கும் கார்பனேட் அளவு) மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள்.

ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரி மீன்களுக்கு 7.8-க்கு மேல் பிஎச் உள்ள கடினத் தண்ணீர் வேண்டும். கான்விக்ட், ஃபயர்மவுத் போன்ற மத்திய அமெரிக்க மீன்களும் கடினத் தண்ணீரில் நன்றாக இருக்கும். டிஸ்கஸுக்கும் ஜெர்மன் ப்ளூ ராமுக்கும் தேவை மென்மையான, லேசான அமிலத் தண்ணீர், அதுவும் 28 முதல் 30 டிகிரி சூட்டில். 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்ற பெயரை நம்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதக் கூடாது. கிரிபென்சிஸும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததுதான், ஆனால் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் மீன். மலாவி மீன்களோடு போட்டால் தண்ணீரும் ஒத்துவராது, அடியும் தாங்காது.

தண்ணீருக்கு ஒத்துவராத மீனை வாங்கிவிட்டு பிஎச் குறைக்கும் திரவத்தை ஊற்றுவார்கள். கேஎச் அதிகமாக உள்ள தண்ணீரில் பிஎச் அன்று இறங்கும், ஓரிரு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம், நிலையான 'தவறான' பிஎச்சைவிட மீனை அதிகம் வாட்டும். உங்கள் தண்ணீர் எதற்கு ஒத்துவருகிறதோ அந்தக் கூட்டத்திலிருந்து மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் சுலபமான வழி. மென்மையான தண்ணீரில் மலாவி மீன்தான் வேண்டும் என்றால் அராகோனைட் என்ற சுண்ணாம்பு மணலோ ஃபில்டருக்குள் உடைத்த பவளத்துண்டுகளோ போடலாம். அவை மெதுவாகக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச்சையும் உயர்த்திப் பிடித்து வைக்கும்.

பிஎச் உயர்ந்த தொட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 25 டிகிரியில், 7 பிஎச்சில், மீன் கழிவிலிருந்து வரும் மொத்த அம்மோனியாவில் சுமார் அரை சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். 8 பிஎச்சில் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. கழிவை உடைக்கும் பாக்டீரியா இன்னும் வளராத, அதாவது பதப்படாத புதுத் தொட்டியில் மலாவி மீன்கள் மற்றவற்றைவிட வேகமாகச் சாவதற்குக் காரணம் இதுதான். மீனே இல்லாமல் ஃபில்டரை ஓட்டி, 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை காத்திருங்கள். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

நிறத்துக்காகக் கலந்து வாங்குவது

'மிக்ஸட் ஆப்பிரிக்கன்' என்று எழுதிய தொட்டியில் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒரு குஞ்சு பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அது ஆராட்டஸ். வளர்ந்த ஆண் கறுத்துவிடும், ம்புனாக்களில் (மலாவி ஏரியின் பாறைகளில் வாழும் சிக்லிட்டுகளில்) மிக மூர்க்கமான இனங்களில் அதுவும் ஒன்று. நடுத்தரத் தொட்டியில் மற்ற மீன்களை ஒவ்வொன்றாக மூலையில் தள்ளி அடிக்கும். மஞ்சள்தான் வேண்டும் என்றால் எலக்ட்ரிக் யெல்லோ வாங்கலாம். அதே ஏரியில் வாழ்கிறது, 10 செ.மீ.க்குள் நிற்கும், குணமும் சாது.

ம்புனாவை இரண்டு மூன்றாக வாங்கினால் பலவீனமான ஒன்றின் மேலேயே மொத்த அடியும் விழும். நான்கடித் தொட்டியில் 15 வரை வைத்து, ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில், எல்லாவற்றையும் குஞ்சாக ஒரே நாளில் விட்டால் ஆக்ரோஷம் பரவிக் குறையும். அந்தக் கூட்டத்துக்கு, மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல ஆறேழு மடங்கு தண்ணீரைச் சுற்றும் ஃபில்டரும் வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம். கற்களை மணல் மேல் அடுக்காமல் முதலில் அடிக்கண்ணாடியில் ஒரு மெல்லிய ஃபோம் மேல் அடுக்கிவிட்டு மணலைக் கொட்டுங்கள். இவை தோண்டும் மீன்கள், அடியில் பறித்தால் கல் சரிந்து கண்ணாடியே உடையும்.

தீனியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ம்புனா பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். ஆஸ்கருக்குப் போடும் கொழுப்பும் புரதமும் மிகுந்த தீனியை இதற்கும் போட்டால் வயிறு ஊதிச் சாகும் நோய் வரலாம். ஏஞ்சலோடு நியான் டெட்ராவை விடுவதும் சரியல்ல, ஏஞ்சல் வளர்ந்ததும் டெட்ராக்கள் எண்ணிக்கையில் குறையத் தொடங்கும். ஃபிளவர்ஹார்ன் தனியாக வைக்க வேண்டிய மீன். குஞ்சின் மண்டை மேட்டைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பதிலும் அர்த்தமில்லை. வளரும்போது அது பெருக்கலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம்.

ஜோடி வேண்டும் என்று இரண்டு குஞ்சை எடுப்பதும் வழக்கம். ஆஸ்கர், ஏஞ்சல் இரண்டிலும் குஞ்சில் ஆண் பெண் தெரியாது. ஏஞ்சலில் ஆறு குஞ்சை ஒன்றாக வளர்த்தால் அவையே ஜோடி சேரும். முட்டையிட்டதும் அந்த ஜோடி மற்றவற்றை விரட்டி அடிக்கும் என்பதால், மிச்ச மீன்களை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ விடுவது கூடவே கூடாது. சிக்லிட்டுகள் புது நீர்நிலைகளில் பெருகி அங்குள்ள மீன்களை அழித்த இடங்கள் பல.

கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டியவை

அவசரப்படாமல் பத்து நிமிடமாவது பாருங்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து விழுங்கும் மீன் நல்லது, வாயில் வாங்கித் துப்பும் மீன் வேண்டாம். உள்வாங்கிய வயிறு, வெள்ளை நூல் போன்ற கழிவு, ஒட்டிக்கொண்ட துடுப்பு, வேகமாக அடிக்கும் செவுள், கல்லில் உடம்பைத் தேய்ப்பது, இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு மீனிடம் கண்டாலும் அந்தத் தொட்டியிலிருந்தே எதையும் எடுக்க வேண்டாம். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், டிஸ்கஸ் மூன்றிலும் தலையில் ஊசி குத்தியது போலக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கஸில் உடம்போடு ஒப்பிட்டால் கண் பெரிதாகத் தெரிந்தால் வளர்ச்சி முடங்கிய மீன், விலை குறைந்தாலும் வாங்காதீர்கள்.

மலாவி ஏரியின் பீக்காக் சிக்லிட்டில் பெண் மீன்கள் சாம்பல், பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். ஆணுக்கும் முழு நிறம் வளர வளரத்தான் ஏறும். 4, 5 செ.மீ. குஞ்சுகள் அத்தனையும் நீலமும் சிவப்புமாக மின்னினால் ஹார்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த சில மாதத்தில் அந்த நிறம் வெளிறிவிடும். ஊதா, நீலம், பச்சை நிறத்தில் விற்கப்படும் பேரட் சிக்லிட்டுகள் சாயம் ஏற்றப்பட்டவை. மீனை வதைத்துச் செய்யும் அந்த வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், 40 அல்லது 60 லிட்டர் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஓட்டி வைத்திருந்தால் தனித் தொட்டியும் முதல் நாளே பதமாக இருக்கும். வலை, குழாய், வாளி மூன்றும் அந்தத் தொட்டிக்கென்று தனியாக இருக்கட்டும். கடைப் பையின் தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். முதல் நாள் விளக்கும் தீனியும் வேண்டாம், மறுநாள் இரண்டு மூன்று பெல்லட் போட்டுப் பாருங்கள்.